மறுபடி தயாரித்தது

டீச்சரின் விரல் பில்லின் மூன்றாவது வரியில் வந்து நின்றது.

“மறுபடி தயாரித்தது, மூணு மணி நேரம்னு போட்டிருக்கீங்க. எதுக்கு மறுபடி?”

ஆடிட்டருக்கு ஃபீஸ் சண்டை புதிதல்ல. வரிக்கணக்கு போடும் மாதம் வந்தால் நாளுக்கு ஒருவர் மல்லுக்கு நிற்பார். அதற்காகவே பில்லில் ஒவ்வொரு மணி நேரத்தையும் எழுதிவிடுவார். எதைக் கேட்டாலும் பொறுமையாக விளக்குவார், ஆனால் ஒரு காசு குறைக்க மாட்டார். இருபத்திரண்டு வருடமாக அந்தப் பெயரில்தான் பிழைப்பு ஓடுகிறது.

இன்று அவர் பார்வை டீச்சரைத் தாண்டிப் போனது.

டீச்சருக்குப் பக்கத்தில் அவர் கணவர், மடியில் இருந்த பையின் ஜிப்பைத் திறப்பதும் மூடுவதுமாக இருந்தார். சட்டைக் காலர் கழுத்தில் ஒட்டாமல் நின்றது. ஐம்பது வயதில் இவருக்கு டயட் ஆசை வந்துவிட்டது என்று, வந்ததும் டீச்சரே சொல்லிச் சிரித்திருந்தார்.

அடுத்த மேசைப் பெண் கணினியில் தட்டிக்கொண்டிருந்தாலும் காது இங்கேதான் இருந்தது. வாசல் பெஞ்சில் காத்திருந்த மூன்று பேருக்கும் அப்படியே.

“என் தப்பும்மா. தப்பாப் போட்டுட்டேன்” என்றார் ஆடிட்டர். அந்த வரியைப் பேனாவால் அடித்துக் கூட்டுத்தொகையைக் குறைத்தார்.

தட்டும் சத்தம் நின்றது.

டீச்சர் அதோடு விடவில்லை. உங்கள் தப்புக்கு எங்கள் தலையில் கட்டணமா என்று வகுப்பறைக் குரலில் நன்றாகக் கேட்டார். ஆடிட்டர் தலையைக் குனிந்து வாங்கிக்கொண்டார். பெஞ்சில் இருந்த ஒருவர் எழுந்து, தன் ஃபைலோடு வெளியே போய்விட்டார்.

அந்த நாட்டில் தம்பதிக்குச் சேர்த்து ஒரே வரிப் படிவம், இருவரும் கையெழுத்திட வேண்டும். டீச்சர் ஓர் எழுத்து விடாமல் படித்துவிட்டுத்தான் கணவரின் கையெழுத்துக்குக் கீழே தன்னுடையதைப் போட்டார்.

அடுத்த வருஷம் வேறு ஆள் பார்க்க வேண்டியதுதான் என்று, காதில் விழட்டும் என்றே சொல்லிக்கொண்டு எழுந்தார்.

கணவர் அப்போதுதான் வாய் திறந்தார். “வேணாம்மா. என்ன ஆனாலும் நீ இவர்கிட்டயே வா.”

அவர்கள் படியிறங்கியபின் ஆடிட்டர் கீழ் இழுப்பறையைத் திறந்தார். முதலில் தயாரித்த படிவம் அதில் இருந்தது. அதனோடு புற்றுநோய் மருத்துவமனையின் பதினோரு ரசீதுகள், எல்லாம் கணவர் பெயரில். காட்டியிருந்தால் கட்ட வேண்டிய வரி பாதியாகியிருக்கும்.

போன வாரம் கணவர் மட்டும் தனியாக வந்து, இவை இல்லாமல் புதிதாகப் போடச் சொன்னார். மகளுக்குப் பரீட்சை முடியட்டும், அப்புறம் தானே வீட்டில் சொல்லிக்கொள்வதாகச் சொன்னார். அதைச் சொல்லும்போது அழுதுவிட்டார்.

ஆடிட்டர் பக்கம் பக்கமாகப் பார்த்து எல்லாவற்றையும் எடுத்துவிட்டார். பிறகு பழக்கதோஷத்தில், அதற்கு ஆன மூன்று மணி நேரத்தைப் பில்லில் எழுதிவிட்டார்.

டீச்சரிடம் சொன்னது பொய்யில்லை. தப்பு அவருடையதுதான்.