ஏழு ஆமா

“அவளுக்கும் எனக்கும் என்ன ஒளிவு மறைவு? எதுன்னாலும் என் முன்னாலயே கேளுங்க,” என்று வாசல்படியில் அழுத்தமாக உட்கார்ந்துகொண்டான் மகாராஜன்.

கிரேஸுக்கு எரிச்சலாக வந்தது. எச்.ஐ.வி., பால்வினை நோய் பற்றிய கணக்கெடுப்பு. பெண்களைத் தனியாக வைத்துத்தான் கேட்க வேண்டும். காலையிலிருந்து வள்ளியூர்ப் பக்கம் ஆறு வீடு ஏறி இறங்கியாயிற்று. எந்தப் புருஷனும் இப்படிக் காவல் இருக்கவில்லை.

உள்ளே பாயில் அவன் மனைவி தனலட்சுமி. ஐந்து மாத வயிறு. நெற்றியில் பெரிய சிவப்பு ஸ்டிக்கர் பொட்டு.

“ஆஸ்பத்திரியில ரத்தம் டெஸ்ட் பண்ணியாச்சாம்மா?”

அவள் வாய் திறப்பதற்குள் வாசலிலிருந்து பதில் வந்தது. “அதெல்லாம் எதுக்கு? எங்க அம்மை எந்த டெஸ்ட் பாத்து என்னையப் பெத்தா? பம்பாய்லேருந்து நான்தான் வந்துட்டேம்லா, பாத்துக்கிடுதேன்.”

கிரேஸுக்குச் சுருக்கென்றது. தாய்க்கு நோய் இருந்தாலும் காலத்தோடு தெரிந்தால் பிள்ளையைக் காப்பாற்றிவிடலாம். அவள் வாயால் ஒரு வார்த்தை வந்தால் போதும், நர்ஸை வீட்டுக்கே அனுப்பிவிடலாம். வந்தால்தானே!

கேள்வி அட்டையையும் ஓர் இரண்டு ரூபாய்க் காசையும் எடுத்து நீட்டினாள்.

“ஏழு கேள்விம்மா. மனசுக்குள்ள வாசிச்சுக்கிடுங்க. ஒவ்வொண்ணுக்கும் காசைச் செம்புல போட்டுக் குலுக்கி, நீங்க மட்டும் பாருங்க. சிங்கம் இருக்குத தலை விழுந்தா, கேள்வி என்னவா இருந்தாலும் ‘ஆமா’ன்னு சொல்லணும். பூ விழுந்தா மட்டும் உண்மையச் சொல்லணும். நீங்க ‘ஆமா’ன்னா, அது காசு சொன்னதா நீங்க சொன்னதான்னு எனக்கும் தெரியாது, அண்ணாச்சிக்கும் தெரியாது.”

“பொறவு கேட்டு என்னத்துக்கு?” என்றான் மகாராஜன்.

“ஆயிரம் பேரைக் கேட்டா, எத்தனை பேருன்னு கணக்குல வந்துரும். யாருன்னுதான் வராது.”

அவன் அட்டையை வாங்கிப் படித்தான். முகம் ஒரு கணம் இறுகியது. பிறகு சிரித்தான். “நல்ல வெளையாட்டா இருக்கே. வெளையாடுட்டி.”

தனலட்சுமி அட்டையையும் காசையும் வாங்கிக்கொண்டு, செம்பெடுக்க அடுக்களைக்குப் போனாள். வரும்போது முந்தானையால் முகத்தை அழுந்தத் துடைத்துக்கொண்டே வந்தாள்.

“ஒண்ணு,” என்றாள் கிரேஸ்.

செம்பு கலகலத்தது. “ஆமா.”

“ரெண்டு.”

“ஆமா.”

மூன்றும் ஆமாதான். நான்காவது, கணவர் தனக்குள்ள நோயை மறைத்தாரா என்பது. தனலட்சுமி செம்புக்குள் எட்டிப் பார்த்தாள். “ஆமா.”

மகாராஜன் தொடையில் தட்டிச் சிரித்தான். “தலையா விழுந்து தள்ளுது!”

ஐந்து, ஆறு. அதே பதில். ஏழாவது, பரிசோதனைக்குப் போகவிடாமல் யாராவது தடுக்கிறார்களா என்பது. இந்த முறை வெகுநேரம் குலுக்கினாள்.

“ஆமா.”

கிரேஸுக்கு மனசு விட்டுப்போயிற்று. ஏழு தடவை போட்டால் எல்லாமே தலையாகவா விழும்? ‘எல்லாத்துக்கும் ஆமான்னு வந்தா, முறை புரியலன்னு அர்த்தம். அந்தப் படிவத்த நீக்கிருங்க’ என்று பயிற்சியில் திருஞானசம்பந்தம் சார் படித்துப் படித்துச் சொல்லியிருந்தார். பாவம், இந்தப் பெண்ணுக்கு இன்னொரு தடவை விளக்கியிருக்கலாம்.

“நெத்தியில பொட்டு எங்கட்டி?” என்றான் மகாராஜன்.

“வேர்வையில விழுந்துட்டு போல.”

கிரேஸ் தெருமுனைக்குப் போவதற்குள் பின்னால் ஓடி வந்தாள் தனலட்சுமி. “அக்கா, காச விட்டுட்டுப் போறீகளே.”

“ரெண்டு ரூவாதானம்மா, இருக்கட்டும்.”

“இல்லக்கா. நீங்கதான் கொண்டு போணும்.” உள்ளங்கையில் வைத்து, விரல்களை மடக்கி அழுத்திவிட்டுப் போனாள்.

மினி பஸ் வந்தது. ஏறி உட்கார்ந்து, டேப்லெட்டில் அந்தப் படிவத்தைத் திறந்தாள். ‘நீக்கு’ என்பதைத் தொடப் போகும்போது கண்டக்டர் வந்து நின்றார். ஒரு பத்து ரூபாயோடு கையிலிருந்த காசையும் பார்க்காமலே கொடுத்தாள்.

“என்னக்கா, பொட்டு ஒட்டுன காசக் குடுக்கீக? தலையவே காணும்!”

கிரேஸ் வாங்கிப் பார்த்தாள். சிங்கத்தை மூடி இறுக ஒட்டியிருந்தது, தனலட்சுமியின் சிவப்புப் பொட்டு.

தலையே விழ முடியாத காசை வைத்துக்கொண்டு, புருஷன் காதுபட ஏழு உண்மை சொல்லியிருக்கிறாள் அந்தப் பெண்.

“அண்ணாச்சி, வண்டிய நிப்பாட்டுங்க!”