ஏழாம் நம்பர் புள்ளி

மத்தியானம் ஒன்றரை ஆனால் போதும், ஏழாம் நம்பர் புள்ளி திரையிலிருந்து காணாமல் போய்விடும்.

லிஃப்ட் பராமரிக்கும் கம்பெனி அது. பதினோரு மெக்கானிக்குகள், ஆளுக்கொரு கம்பெனி போன். யார் எந்தக் கட்டடத்தில் இருக்கிறார் என்று ஆபீஸ் திரையில் புள்ளி புள்ளியாகத் தெரியும். காலை எட்டு மணியிலிருந்து அந்தப் புள்ளிகளை மேய்ப்பதுதான் சூப்பர்வைசரம்மாவின் வேலை. சாயங்காலத்துக்குள் கண் பூத்துப் போகும்.

ஏழாம் நம்பர் என்பது, எல்லோரும் பெரியண்ணன் என்று கூப்பிடும் சீனியர் மெக்கானிக். வயது ஐம்பத்தாறு. எத்தனை தடவை கேட்டாலும் ஒரே பதில்தான்.

"மூடி லூசு மேடம். பேட்டரி அடிக்கடி கழண்டுக்குது."

தினமும் ஒன்றரைக்குக் கழன்று, இரண்டே காலுக்குத் தானாக மாட்டிக்கொள்ளும் பேட்டரி! போனை அணைத்தால் 'அணைக்கப்பட்டது' என்று திரை காட்டிக்கொடுத்துவிடும். பேட்டரியை உருவிவிட்டால் காட்டாது. மனுஷன் கெட்டிக்காரர்தான். அதற்காக அவள் மட்டும் என்ன, காதில் பூ வைத்துக்கொண்டா உட்கார்ந்திருக்கிறாள்?

இப்போதெல்லாம் பேட்டரியைக் கழற்றவே முடியாத போன்தான் வருகிறது, எல்லாருக்கும் அதை வாங்கிக் கொடுத்துவிடலாம் என்று முதலாளியிடம் போய்ச் சொன்னதே அவள்தான். முதலாளிக்கு வாயெல்லாம் பல்.

திங்கட்கிழமை புதுப் போன்கள் வந்தன. பெரியண்ணன் தன்னுடையதை முன்னும் பின்னும் திருப்பினார். ஓரத்தில் நகத்தை விட்டுப் பார்த்தார். நகம் வழுக்கிக்கொண்டு போனது.

"இதுல எங்க மேடம் திறக்கறது?"

"திறக்க முடியாதுண்ணே. அதுக்குத்தான் இதை வாங்கினதே."

பழைய போனிலிருந்து எடுத்த மெமரி கார்டை உள்ளங்கையில் வைத்து நீட்டினார். பத்து வருஷமாகச் சேர்த்த ஒயரிங் படமெல்லாம் இதில்தான் இருக்கிறது, இதையாவது எங்கே போடுவது என்று கேட்டார். அதற்கும் இடம் கிடையாது என்றாள். சரி என்று அதைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு போய்விட்டார்.

அன்று ஒன்றரைக்கு ஏழாம் நம்பர் புள்ளி மறையவில்லை. ஒரு ஏழு மாடிக் கட்டடத்தின் மேல் அசையாமல் இருந்தது. விடுவாளா? இரண்டு மணிக்குப் போன் போட்டாள்.

"சாப்பாட்டுக்கு இருபது நிமிஷம்தானே? அரை மணியா ஒரே இடத்துல நிக்கறீங்களே, என்ன?"

"நிக்கல மேடம், உக்காந்திருக்கேன். லிஃப்ட் ஓடலைன்னா ஏழு மாடியும் நான் படியேறித்தானே வரணும்? முட்டி ஒத்துழைக்க மாட்டேங்குது."

முட்டிக்குத் தனியாக லீவு கிடையாது என்று சொல்லி வைத்துவிட்டாள். சொன்னபிறகு அவளுக்கே ஒரு மாதிரியாகத்தான் இருந்தது. ஆனாலும் வேலை என்றால் வேலைதானே.

புதன்கிழமை முதலாளி அவள் மேஜையிலும் ஒரு டப்பாவைக் கொண்டுவந்து வைத்தார். யோசனை சொன்னவருக்கே இல்லாமலா என்று சிரித்தார். அவளுடைய பழைய கம்பெனி போனை வாங்கி அலமாரியில் வைத்துப் பூட்டினார்.

சாயங்காலம் வரை அவள் அந்த டப்பாவைத் திறக்கவே இல்லை.

ஏனென்றால் அவள் போனிலும்தான் தினமும் பேட்டரி கழன்றுகொண்டிருந்தது. சாயங்காலம் ஆறரைக்கு. வீட்டுக்குப் போனால் படுத்த படுக்கையாக மாமனார், பரீட்சைக்குப் படிக்கும் மகள், துண்டு எங்கே என்பதற்குக்கூட அவளைக் கூப்பிடும் கணவன். நடுநடுவே முதலாளியின் போன் வேறு. அதனால் போகிற வழியில் பூங்கா பெஞ்சில் அரை மணி நேரம். பேட்டரியைக் கழற்றிப் பையில் போட்டுவிட்டுச் சும்மா உட்கார்ந்திருப்பாள். ஒரு நாளில் அவளுக்கென்று இருந்தது அந்த அரை மணி ஒன்றுதான்.

வெள்ளிக்கிழமை காலை எல்லோரும் கூடியிருக்கும்போது முதலாளி ஆரம்பித்தார்.

"நேத்து ஆறரைக்கு நாலு தடவை கூப்பிட்டேன். ரிங் போகுது, எடுக்கல. திரையில பார்த்தா பூங்காவுல இருக்கீங்க. அவசரம்னா உங்கள எங்க போய்த் தேடறது?"

பதினோரு பேரும் அவளையே பார்த்தார்கள். இத்தனை நாள் தன்னை வாட்டி எடுத்தவள் இன்று மாட்டிக்கொண்டாள் என்று பெரியண்ணன் உள்ளுக்குள் சிரிப்பார் என்றுதான் நினைத்தாள்.

அவர் தொண்டையைக் கனைத்தார்.

"நான்தான் சார் வரச் சொன்னேன். பூங்காவுக்கு எதிர் கட்டடத்துல லிஃப்ட் நடுவுல நின்னுடுச்சு. லிஃப்ட் கதவத் திறக்கற சாவிய ஆபீஸ்லேருந்து கொண்டுவந்து கொடுத்துட்டு, முடியற வரைக்கும் வெளிய காத்திருந்தாங்க."

முதலாளி அதற்குமேல் ஒன்றும் கேட்கவில்லை.

மாடிப்படியில் இறங்கிக்கொண்டிருந்தவரை ஓடிப்போய்ப் பிடித்தாள். நேற்று எந்த லிஃப்டும் நிற்கவில்லையே, ஏன் அப்படிச் சொன்னீர்கள் என்று கேட்டாள்.

"அந்தக் கட்டடம் ரெண்டு வருஷமா என் பொறுப்புல இருக்கு மேடம், நேத்தும் அங்கதான் இருந்தேன். மேல ஜன்னல்ல நின்னா அந்த பெஞ்ச் நல்லாத் தெரியும். நீங்க பேட்டரியக் கழட்டிப் பையில போடறதும் தெரியும்."

"தெரிஞ்சுமா இத்தனை நாள் சொல்லல? நான் உங்கள அந்தப் பாடு படுத்தியும்?"

"அசந்துபோய் உக்காந்திருக்கறவங்களப் போய் யாராவது காட்டிக்கொடுப்பாங்களா மேடம்?" என்றார். குத்திக்காட்டுகிற மாதிரி எல்லாம் சொல்லவில்லை. முட்டியைப் பிடித்துக்கொண்டு அடுத்த படியில் காலை வைத்தார். அவளுக்கு அந்த இடத்திலேயே நின்று அழவேண்டும்போல் இருந்தது.

மறுநாள் ஒன்றே முக்காலுக்கு முதலாளி உள்ளே எட்டிப் பார்த்தபோது, புள்ளிகள் தெரியவேண்டிய திரை கருப்பாக இருந்தது. என்னாச்சு என்று கேட்டார்.

அவள் தலை நிமிராமல் சொன்னாள்.

"ஒயர் லூசு சார். அடிக்கடி கழண்டுக்குது."