வேகமும் குறியும்

"எங்க ஊரு பேஸ்பால்ல பந்து வீசுற வேகத்துக்கு ஜான்சன், குறிக்கு மேத்யூசன்," என்றார் ஜொகூர் ரப்பர்த் தோட்டத்தின் அமெரிக்கத் துரை. "நேத்து கல்லெறிஞ்சு கங்காணி மண்டைய ஒடச்சவனுக்கு ரெண்டுமே இருக்கு. எல்லாரும் அந்த வாளியப் பாத்துப் பந்து வீசுங்க. ஆளு தெரிஞ்சிரும்."

பயத்தில் மற்ற ஆண்கள் எல்லாரும் வேண்டுமென்றே தள்ளி வீசினார்கள்.

அய்யாவு மட்டும் குறிபார்த்தான். அடித்தால் ஜெயில்தான். அடிக்காவிட்டால் துரை தேடுவதை விடமாட்டார்.

பந்து குறி தப்பிப் பெண்கள் நின்ற பக்கம் ஓடியது.

"நாந்தான் எறிஞ்சேன், தொர!" என்று காலில் விழுந்தான்.

"கட்டுங்க இவன!"

டங்கென்று வாளி கவிழ்ந்தது. பந்தெறிந்த கையை இறக்காமல் நின்றாள் அவன் மனைவி காளியம்மா.

"அவருக்கு எறியவே தெரியாது, தொர. கங்காணி கையப் புடிச்சு இழுத்தது என்னையத்தான்."