பன்னிரண்டாவது ஆள்

பள்ளிக் குறும்படப் போட்டிக்குத் தலைப்பு, 'நாங்கள் யார்'. தையல்காரம்மாவின் ஒரே மகள், குடியிருப்பில் பதினொரு பேரைப் படிக்கட்டில் உட்காரவைத்துப் படமெடுத்தாள். எல்லோரிடமும் ஒரே கேள்விதான்: "நீங்க யாரு?"

மறுநாள் மதியம் கணினியில் போட்டுப் பார்த்தபோது பன்னிரண்டு பேர் இருந்தார்கள். கடைசியாக இருபது வயது மதிக்கத்தக்க ஒருத்தி. அவளிடமும் கேள்வி கேட்ட குரல் படமெடுத்தவளுடையதுதான்.

"மூணாவது மாடி தையல்காரம்மாவோட மூத்த பொண்ணு" என்றாள் திரையில் இருந்தவள், சிரித்தபடி.

"அம்மா, இங்க வந்து பாரேன். யாரோ விளையாடியிருக்காங்க."

அம்மா மெஷினை நிறுத்திவிட்டு வந்து நெடுநேரம் பார்த்தாள்.

"எப்படி வளர்ந்துட்டா" என்றாள் மெதுவாக. கழுத்தில் கிடந்த டேப்பைக் கழற்றி மகளிடம் நீட்டினாள்.

"அடுத்த தடவை வந்தா தோள் அளவு எடுத்துக்கோ. பொறந்த அன்னைக்கே போனவளுக்கு நான் ஒண்ணுமே தைச்சுக் கொடுத்ததில்லை."