பலாச்சுளை வாசம்

"மூக்கை உள்ள விடு சேனாபதி, வெக்கப்படாத," என்றார் முதலாளி வாஞ்சிநாதன்.

சேனாபதி கண்ணாடிக் கோப்பைக்குள் மூக்கை விட்டு இழுத்தான். காற்று வந்தது. காற்று மட்டும்தான் வந்தது.

கலிஃபோர்னியாவின் நாபாவில், திராட்சை மது செய்து ருசி பார்க்கவும் கொடுக்கும் வைனரிகளில், அன்றைக்கு அவர்கள் ஏறிய மூன்றாவது அது. நூறு வருஷத்துக்கும் மேலான கல் கட்டடம். சுவரோரம் ஆள் உயரத்துக்கு மரப்பீப்பாய்கள். முதலாளியின் மனைவி காமாக்ஷி மாமி வாசலிலேயே, "அப்பா, வாசனையே தலையைச் சுத்தறது" என்று நின்றுவிட்டாள். சேனாபதியும் தலை சுற்றுகிறவன் மாதிரி ஒரு தரம் ஆடிக் காட்டியிருந்தான்.

தொண்ணூற்றெட்டு பிப்ரவரியில், அவன் சமையல்காரனாக இருக்கும் வாஞ்சிநாதனின் ஓட்டலில், குளிர் அறையில் வழுக்கி விழுந்தான்; பின்மண்டை இரும்பு அலமாரியில் மோதியது. ஒரு சொட்டு ரத்தம் வரவில்லை. மறுநாள் காலை டிக்காக்‌ஷன் இறக்கும்போதுதான் தெரிந்தது, வாசனை என்கிற ஒன்றே உலகத்தில் இல்லாமல் போய்விட்டது.

உப்பு, புளிப்பை நாக்கு சொல்லிவிடும். மற்றதெல்லாம் கண்ணும் காதும்தான். கடுகு வெடிக்கிற சத்தத்தையும் பருப்பு சிவக்கிற நிறத்தையும் வைத்தே மூன்று மாதம் ஓட்டிவிட்டான். கைப்பக்குவத்தில் போட்ட பெருங்காயத்தை ஸ்பூனால் அளந்து போட்டான். போன வாரம் ஊசிப்போன சட்னி ஒன்று மேஜைக்குப் போய்த் திரும்பி வந்தது. வாஞ்சிநாதன் திட்டவில்லை. அவனையே கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுப் போனார்.

விசா அவர் போட்டது. கிரீன் கார்டு பேப்பரிலும் அவர்தான் கையெழுத்துப் போட வேண்டும். அது வந்தால்தான் ஊரிலிருந்து தனபாக்கியமும் மகளும் விமானம் ஏற முடியும். மூக்கில்லாத சமையல்காரனுக்கு யார் கையெழுத்துப் போடுவார்கள்?

அன்றைக்குத் திங்கட்கிழமை, ஓட்டலுக்கு விடுமுறை. சான்டா கிளாராவில் கம்ப்யூட்டர் சிப் கம்பெனியில் இருக்கும் சந்தானம், வாஞ்சிநாதனோடு சேர்ந்து ஃப்ரீமான்ட்டில் இன்னொரு ஓட்டல் திறக்கப் போகிறார். சமையல்காரனையும் பார்த்த மாதிரி இருக்கட்டும் என்று அவனையும் வேனில் ஏற்றிக்கொண்டார்கள். முதல் இரண்டு வைனரியிலும் வயிறு சரியில்லை என்று வேனிலேயே உட்கார்ந்துகொண்டான். மூன்றாவதில் அந்தச் சாக்கு செல்லவில்லை.

ஊற்றிக் கொடுத்த வெள்ளைக்கார அம்மாள், என்ன வாசனை தெரிகிறது என்று ஒவ்வொருவரையும் கேட்டாள். சந்தானம் ஆப்பிள் என்றார். குடிக்க மாட்டேன், மோந்து மட்டும் பார்க்கிறேன் என்று வந்த மாமி, இங்க் பாட்டில் மாதிரி இருக்கிறது என்றாள். எது சொன்னாலும் இங்கே தப்பில்லை என்று அந்த அம்மாள் சிரித்தாள்.

அவனுக்குத் தப்பு உண்டு.

"எங்க குக் சொல்லட்டும். அவன் மூக்கை நம்பித்தான கடையே நடக்கறது."

வாஞ்சிநாதன் சிரித்துக்கொண்டேதான் சொன்னார். ஆனால் கோப்பையைப் பார்க்கவில்லை. அவனைப் பார்த்தார்.

சேனாபதி கோப்பையை வெளிச்சத்தில் பிடித்தான். வெளிர் மஞ்சள்.

"பலாச்சுளை சார். நல்லாப் பழுத்தது. அறுத்து ரெண்டு நாள் ஆனது."

சந்தானம் மறுபடி மோந்தார். "அட, ஆமாய்யா." மாமியும் மோந்து பார்த்துத் தலையாட்டினாள். அது என்ன பழம் என்று வெள்ளைக்கார அம்மாள் கேட்டு, ஒரு தாளில் எழுதிக்கொண்டாள்.

அடுத்து சிவப்பு வைன் வந்தது. வெல்லப்பாகு, அடியில் லேசாகப் பிடித்துவிட்டது என்றான். அடுத்ததற்குப் பிள்ளை பெற்ற வீட்டில் சுக்கு இடித்த உரல் என்றான். மூன்று மாதமாக மனசுக்குள்கூடக் கூப்பிடாத வாசனைகள். ஒவ்வொன்றாகப் பேர் சொல்லிக் கூப்பிட்டான். அவனிடம் ஒன்றும் வரவில்லை. மற்றவர்களிடம் போனது.

"இது மூக்கா, மைக்ராஸ்கோப்பா?" சந்தானம் அவன் கையைப் பிடித்துக் குலுக்கினார். "வாஞ்சி, நான் ரெடி."

வாஞ்சிநாதன் அவன் முதுகில் தட்டினார். கை கொஞ்ச நேரம் அங்கேயே இருந்தது.

திரும்பும்போது மணி நாலு இருக்கும். இரண்டு பக்கமும் திராட்சைத் தோட்டம், நடுவே ஒடுக்கமான ரோடு. வாஞ்சிநாதன் ஓட்டினார். பக்கத்தில் சந்தானம், நடு சீட்டில் மாமி. கடைசி சீட்டில் சேனாபதி காலை நீட்டிச் சாய்ந்துகொண்டான். மூன்று மாதத்தில் முதல் தடவையாக முதுகு தளர்ந்தது. தனபாக்கியத்துக்கு போன் போட்டு, மகளுக்குப் பாஸ்போர்ட் எடுக்கச் சொல்லிவிட வேண்டும். வரிசை வரிசையாகக் கொடிகள் ஓடுவதைப் பார்த்துத் தனக்குள் சிரித்துக்கொண்டிருந்தான்.

வேனில் பேச்சு நின்றுபோனதைக் கொஞ்சம் கழித்துத்தான் கவனித்தான்.

மாமி முந்தானையை முகத்தில் அழுத்திக் குனிந்திருந்தாள். சந்தானம் அவசர அவசரமாக ஜன்னல் கண்ணாடியை ஏற்றிக்கொண்டிருந்தார். வாஞ்சிநாதன் ஒரு கையால் ஓட்டி, இன்னொரு கையால் மூக்கைப் பிடித்திருந்தார்.

சேனாபதி பின்பக்கம் திரும்பிப் பார்த்தான். ரோட்டில் ஒரு கறுப்புப் பிராணி அடிபட்டுக் கிடந்தது. முதுகில் வெள்ளைக் கோடு. ஸ்கங்க். வந்த புதிதில் ஓட்டலின் குப்பைத்தொட்டி பக்கம் ஒன்று நாற்றத்தைப் பீய்ச்சிவிட்டுப் போனதற்கே இரண்டு நாள் அவனுக்குச் சோறு இறங்கவில்லை.

முன்னால் திரும்பினான். டிரைவர் கண்ணாடியில் வாஞ்சிநாதனின் கண்கள் இருந்தன. எவ்வளவு நேரமாக இருந்தனவோ.

அரை மைல் போனதும் சந்தானம் கண்ணாடியை இறக்கினார். மாமி முந்தானையை எடுத்துவிட்டு மூச்சு வாங்கினாள். வாஞ்சிநாதனும் கையை எடுத்து ஸ்டீயரிங்கில் வைத்தார்.

அதற்குப் பிறகுதான் சேனாபதி கைக்குட்டையை எடுத்து மூக்கில் வைத்துக்கொண்டான்.