பக்கத்துக் கட்டில்

பம்பாயில் புற்றுநோய் ஆராய்ச்சி செய்யும் டாக்டர் கமலவேணி, 1972 தை மாதமும் வழக்கம்போல் காஞ்சிபுரத்துக்கு அங்கம்மாளைப் பார்க்க வந்திருந்தாள். "அம்மா, கையை நீட்டுங்க" என்று சொல்லி ரத்தம் எடுத்து, ஐஸ் பிளாஸ்கில் பத்திரப்படுத்தினாள்.

அவள் கை கழுவத் தோட்டத்துப் பக்கம் போனதும், எதிர்வீட்டுக்குப் புதிதாகக் குடிவந்து, அங்கே உட்கார்ந்திருந்த பெண் வியந்தாள்.

"கல்யாணம்கூடப் பண்ணிக்காம உங்க நோவுக்காகவே படிச்சிக்கினு இருக்குதாமே! இப்படி ஒரு பொண்ணு யாருக்குக்கா கிடைக்கும்?"

"அது என் பொண்ணு இல்லம்மா" என்றாள் அங்கம்மாள். "முப்பது வருஷம் முன்னாடி எனக்குக் கழுத்துல கட்டி. பட்டணத்து ஆஸ்பத்திரியில கைவிரிச்சிட்டாங்க. அப்போ பத்து நாள் காய்ச்சல் கொதிச்சுது. அது விட்டதும் கட்டி தானா கரைஞ்சுபோச்சு. பக்கத்துக் கட்டில்ல இதோட அம்மா. அவளுக்கும் அதே கட்டிதான். ஆனா காய்ச்சல் வரல. நாலு வயசுக் கொழந்தைய உட்டுட்டுப் போயிட்டா. என் உடம்பு அதை எப்படிக் கரைச்சுதுன்னுதான் இது தேடிக்கினு இருக்குது."

கமலவேணி திரும்பி வந்து அங்கம்மாளின் அருகே உட்கார்ந்தாள். சற்றுத் தயங்கிவிட்டுக் கேட்டாள்.

"எங்கம்மா வேற என்ன பேசுவாங்க?"

நினைவிருந்த எல்லாவற்றையும் அங்கம்மாள் போன வருஷங்களிலேயே சொல்லி முடித்துவிட்டிருந்தாள். அந்த முகத்தைப் பார்த்தவள், முதல் தடவையாக ஒரு பொய் சொன்னாள்.

"நான் இல்லாம கொழந்த எப்படித் தூங்குதோன்னு கேட்டுக்கினே இருப்பாம்மா."