இதழினியின் நெற்றி விளக்கு

"வேற ஏதாவது சொல்லணுமாம்மா?" என்று சேர்க்கையன்று தலைமை ஆசிரியை எஸ்தர் கேட்டார்.

"அதெல்லாம் ஒண்ணுமில்லீங்க மிஸ்."

சொல்ல ஒன்று இருந்தது. நாக்கு நுனிவரை வந்ததைக் கவிநிலா விழுங்கிவிட்டாள். ஏ.டி.எச்.டி. என்னும் கவனச்சிதறல் குறைபாடு உள்ள பிள்ளைக்கு இடம் கிடைத்ததே பெரிது. கூடவே சலுகையும் கேட்பதா?

அந்த வருடம்தான் பள்ளிகளில் நெற்றி விளக்கு கட்டாயமாயிற்று. கவனித்தால் பச்சை, கவனம் சிதறினால் சிவப்பு. கவிநிலாவின் எட்டு வயது மகள் இதழினியின் நெற்றியோ, குங்குமம் அப்பியது போல எந்நேரமும் சிவந்தே கிடந்தது. இரண்டு எச்சரிக்கைகள் வந்துவிட்டன. இன்றைய கூட்டத்தில் மூன்றாவதும் விழுந்தால் பள்ளியை விட்டே அனுப்பிவிடுவார்கள்.

கூட்டத்தில் பெரியவர்களும் விளக்கு அணிய வேண்டும் என்பது விதி. எஸ்தர் மிஸ் இதழினியைப் பற்றிய பதினான்கு பக்க அறிக்கையை வாசிக்கத் தொடங்கினார். இரண்டாம் பக்கத்தில் பள்ளி ஆலோசகர் சிவந்தார். நான்காம் பக்கத்தில், அடுப்பை அணைத்தோமா என்று யோசித்த கவிநிலா சிவந்தாள். ஆறாம் பக்கத்தில், வாசித்துக்கொண்டிருந்த மிஸ்ஸே சிவந்தார்.

"ஐ, மிஸ்ஸும் அவுட்டு!"

நாற்காலியை விட்டுக் குதித்த இதழினி, மேசையைச் சுற்றிச் சுற்றி நடந்து ஒவ்வொரு நெற்றியாகப் பார்த்தாள்.

"பாத்தீங்களா, ஒரு இடத்துல உட்கார மாட்டேங்குறா" என்றார் எஸ்தர். "கடைசியா நான் என்ன வாசிச்சேன், சொல்லு பார்க்கலாம்!"

"'மாணவி எதையும் காதில் வாங்குவதே இல்லை'ன்னு வாசிச்சீங்க மிஸ்" என்றாள் இதழினி, நடந்தபடியே.

அறையில் அவள் விளக்கு மட்டும்தான் பச்சையாக எரிந்தது.

கவிநிலா எழுந்து நின்றாள்.

"மிஸ், சேர்க்கையன்னைக்கே கேட்டிருக்கணும். எம்பொண்ணு நடந்துக்கிட்டே பாடம் கேட்கட்டுங்க."